மூன்று மாதத்துக்கு ஒருமுறை

பல்வலிக்காரனுக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது கிராம்பு எடுத்துத் தருவார்கள். ஆபீஸில் லீவு கேட்டால் மேனேஜர் மறுபேச்சு பேசமாட்டார். ஈறு நோய்க்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்லைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போது மனிதர் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார். காலையில் துப்பும்போது கொஞ்சம் ரத்தம் தெரியும். பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பல் ஆடும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் வயது ஐம்பதை ஒட்டியிருக்கும் என்பதால், ஆடும் பல்லுக்கும் வயசுக்கும் முடிச்சுப் போட்டுவிடுவோம்.

எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக அம்மாச்சிக்குப் பல் கிடையாது. அப்போது அவளுக்கு 50 வயதுகூட ஆகியிருக்காது என்று இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது. வெற்றிலையை உரலில் இடித்துத்தான் போடுவாள். அம்மாவுக்கு 40 வயதில் முன்பல் இரண்டு விலகி நடுவில் சந்து விழுந்தது. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான், எங்க வம்சத்துக்கே பல்லு நிக்காது" என்று சொல்லிக்கொண்டு, சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடப் பழகிக்கொண்டாள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் 2005க்குப் பிறகு அம்மா பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

என் முறை 34 வயதில் வந்தது. நான் காலையும் இரவும் பல் துலக்குகிறவன். சிகரெட் கிடையாது, சுகர் கிடையாது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்த ஒரு பல் கிளினிக்கில் மூன்று வருடம், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங்கும் செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் வெளியே தெரியும் காரையைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, "பேஸ்ட் மட்டும் மாத்திப் பாருங்க" என்று அனுப்பினார்கள். ஈறுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூட யாரும் அளந்து பார்க்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்காக எக்ஸ்ரே எடுத்தபோதுதான், வேறொரு டாக்டர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க ஒரு பெரியோடான்டிஸ்ட்ட காட்டிருங்க" என்றார். பல் மருத்துவம் படித்தபின் ஈறையும் எலும்பையும் மட்டும் தனியாக மூன்று வருடம் படிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஈறு நிபுணர் முதலில் செய்தது வைத்தியம் இல்லை, அளவெடுப்பு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பார்ப்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். எனக்கு 28 பல். ஆக 168 எண்கள். அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் தட்டச்சு செய்துகொண்டே போனார். "மூணு, ரெண்டு, மூணு. நாலு, மூணு, அஞ்சு, பிளீடிங்." 3 வரை இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 4க்கு மேல் போனால், அதுவும் ரத்தம் வந்தால், கவனிக்க வேண்டும். 6ஐத் தாண்டினால் அங்கே வீட்டுப் பிரஷ் எதுவும் எட்டாது. எனக்கு நான்கு இடத்தில் 7 வந்தது. வேலையில் நான் தினமும் பார்ப்பதும் எண்கள்தான். ஆனால் என் வாய்க்குள்ளிருந்து ஒருவர் எண்களை வாசித்துக் கேட்பது வேறு அனுபவம். 7 என்று கேட்டதும் உள்ளங்கை வேர்த்தது.

பல் எலும்பில் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல நிற்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லைத் தொட்டில்போலத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பல்லின்மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு வழவழப்பான படலம் படிகிறது. எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி அது காரையாக இறுகுகிறது. படலம் ஈறுக்கு அடியில் இறங்கும்போது உடல் அதை எதிர்க்கக் கிளம்புகிறது. சேதத்தில் பெரும்பங்கு இந்த எதிர்ப்பால்தான் நேர்கிறது. அழற்சி நீடிக்க நீடிக்க நார்கள் அறுகின்றன, எலும்பு பின்வாங்குகிறது, ஈறு பல்லிலிருந்து விலகி ஒரு பை உண்டாகிறது. பைக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தை விரும்பும் கிருமிகளுக்கு அது வசதியான வீடு.

இதில் முதல் கட்டத்தை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1965இல் ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. ஹரால்ட் லோவும் சகாக்களும் ஆரோக்கியமான ஈறுகொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலத்தில் எல்லாம் சரியானது. ஈறு அழற்சிக்குக் காரணம் அந்தப் படலம்தான், அதை எடுத்தால் அழற்சி போய்விடும் என்பதில் அதன்பிறகு பெரிய சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அந்த 12 பேருக்கும் எலும்பு கரையவில்லை. கரையும்வரை யாரும் விட்டுவைக்கவும் இல்லை.

"ரெண்டு வேளை தேய்க்கிறேனே டாக்டர், எனக்கு ஏன்?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் தேய்க்கிறீங்க. பிரஷ் ரெண்டு பல்லுக்கு நடுவுல போகாது. அதே மாதிரி தேய்ச்சுட்டு ஒண்ணுமே ஆகாம இருக்கறவங்க நிறையப் பேர் இருக்காங்க. உங்க உடம்பு அதுக்கு ரியாக்ட் பண்ற விதம் அப்படி. அம்மாவுக்கு எப்படி?" என்றார். அம்மாச்சி வரைக்கும் சொன்னேன். "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒரே அழுக்கு ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைப் பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வீட்டுக்கு வந்து தேடியபோது கிடைத்த பதில் என்னைச் சென்னையிலிருந்து இலங்கையின் மலையகத்துக்குக் கூட்டிப்போனது.

அதே ஹரால்ட் லோவின் குழு 1970இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. முந்தைய வருடம் ஆஸ்லோவில் நல்ல பல் மருத்துவ வசதியுள்ள 565 பேரிடம் தொடங்கிய ஆய்வுக்கு இது ஒப்பீடு. தோட்டத்தில் பிரஷ் புழக்கத்தில் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. இனிப்பால் வரும் சொத்தையும் ஏறக்குறைய இல்லை. ஆகவே பல் விழுந்தால் காரணம் ஈறு நோய்தான் என்று சொல்லிவிடலாம். 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். எல்லோர் பல்லிலும் காரை இருந்தது, ஏறக்குறைய எல்லா ஈறும் வீங்கியிருந்தது. ஆனாலும் விளைவு ஒன்றாக இல்லை. 11 சதவீதம் பேருக்கு நோய் நகரவே இல்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது. 8 சதவீதம் பேருக்கு வேகமாக ஓடியது. இந்தக் கடைசிப் பிரிவினர் 35 வயதில் சராசரியாக 12 பற்களை இழந்திருந்தார்கள். 40இல் 20. 45 வயதில் வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். எனக்கு அம்மாச்சியின் வெற்றிலை உரல் ஞாபகம் வந்தது.

அந்த மலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள். 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. ஆய்வு நடந்த வருடங்களில்தான் தலைமன்னாரில் கப்பலேறிக் குடும்பம் குடும்பமாக ராமேஸ்வரம் வந்துகொண்டிருந்தார்கள். 1985இல் கடைசியாக அளந்தபோது 480 பேரில் 161 பேர்தான் கையில் கிடைத்தார்கள். மிச்சப் பேரில் எத்தனை பேர் அந்தக் கப்பலில் ஏறியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் டீமில் கூடலூர்க்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் தாத்தா அப்படிக் கப்பலில் வந்து டான்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கேன்டீனில் அவனிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். டீயை வைத்துவிட்டுக் கேட்டான்.

"பதினஞ்சு வருசம் வந்து வந்து எண்ணுனாங்க. சரி. பல்லு தேய்க்க ஒரு பிரஷ் குடுத்தாங்களாடா?"

நோயின் இயற்கையான போக்கு என்ன என்பதுதான் அந்த ஆய்வின் தலைப்பு. குறுக்கே கை வைத்தால் போக்கு மாறிவிடும். துலக்கினால் ஈறு ஆறும் என்று 1965இலேயே நிரூபித்தவர்தான் 1970இல் தோட்டத்துக்குப் போகிறார் என்பதையும் அவனிடம் சொன்னேன். அவர்கள் வராவிட்டாலும் அந்த லயத்து வீடுகளுக்குப் பல் டாக்டர் யாரும் வந்திருக்கப்போவதில்லை என்பதும் உண்மை. அந்த அளவுகள் இல்லையென்றால், ஒவ்வொரு ஆளுக்கும் இந்த நோயின் வேகம் வேறு என்பது இவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்காது. 2018இல் வெளிவந்த புதிய வகைப்பாட்டில் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு நான்கு நிலைகளும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு மூன்று தரங்களும் உண்டு. என் ஃபைலில் மூன்றாம் நிலை, பி தரம் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தரத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத யாரோ வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நண்பன் கொஞ்ச நேரம் கழித்து, "எங்க தாத்தாவுக்குப் பல்லு இருந்துச்சான்னே ஞாபகம் இல்லடா" என்றான்.

சிகிச்சை நான்கு உட்காரலில் நடந்தது. வாயை நான்காகப் பிரித்து, ஒரு வாரம் ஒரு பகுதி. மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்வுக் கருவியால் ஈறுக்கு அடியில் உள்ள காரையை உடைத்து, பிறகு கையால் பிடிக்கும் க்யூரெட்டால் வேரைத் தடவித் தடவிச் சுத்தம் செய்தார். க்யூரெட்டுகளில் எண் பொறித்திருக்கிறது. முன்பல்லுக்கு ஒன்று, கடைவாயின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நுனியின் உணர்வை மட்டும் வைத்துச் செய்கிற வேலை. சொரசொரப்புப் போய் வழுக்க ஆரம்பிக்கும்போது சத்தமே மாறுகிறது. எட்டு வாரம் கழித்து மறுபடி 168 எண்கள். 5 இருந்த இடமெல்லாம் 3 ஆகியிருந்தது. நான்கு 7இல் இரண்டு 4 ஆனது. மற்ற இரண்டும் பிடிவாதமாக 6இல் நின்று ரத்தம் கசிந்தன. அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்தே சுத்தம் செய்து தையல் போட்டார். பத்து நாள் வாய் கொப்பளிக்கக் கொடுத்த மருந்தில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதற்கே இவ்வளவும். வீக்கம் வடிந்ததும் ஈறு கீழே இறங்கியது. பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணங்கள் தெரிந்தன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. பல் கிளீன் பண்ணினால் சந்து விழும், பல் ஆடும் என்று ஊரில் சொல்வார்களே, அதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. சொல்கிறவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சந்து முன்பே விழுந்திருந்தது. காரையும் வீங்கிய ஈறும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. ஆடவேண்டிய பல்லைப் பக்கத்துப் பல்லோடு காரை ஒட்டவைத்திருந்தது. பழைய சுவரில் பூச்சை உரித்தால் விரிசல் தெரிவது மாதிரி.

இதை அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு மாதம் ஆனது. திண்டுக்கல்லிலிருந்து ஒருவழியாகக் கூட்டிவந்தேன். வயது 58, பல் 19, மூன்று மாதச் சுகர் அளவு 8.2.

"மூணு பல்ல எடுக்கணும்மா. பதினாறையும் காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர்.

"இனிமே எதுக்கும்மா இந்தப் பாடு? எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே செட்டாக் கட்டி விட்ருங்க. எங்கம்மா பல்லே இல்லாம முப்பது வருசம் இருந்துச்சு."

டாக்டர் மாதிரிப் பல்செட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கீழ்த்தாடைச் செட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று காட்டினார். பல் போனபின் எலும்பும் வருடாவருடம் தேயும், தேயத் தேயச் செட் லூசாகும் என்றார். அம்மா முகம் அசையவில்லை. பிறகு சுகரைப் பற்றிப் பேச்சு வந்தது. சுகர் கூடினால் ஈறு கெடும், ஈறு புண்ணாக இருந்தால் சுகரும் அடங்காது, ஈறுக்கு முறையாக வைத்தியம் பார்த்தால் மூன்று மாத அளவு சராசரியாக 0.4 போல இறங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன என்றார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல்லுக்காகச் செலவு செய்வது அவளுக்கு அழகுக்குச் செலவு செய்வது மாதிரி. சுகர் என்றால் நோய், அதற்குச் செலவு செய்யலாம்.

எங்கள் தொழிலில் புதிதாக ஒன்றைக் கட்டுகிற டெவலப்மென்ட் ப்ராஜெக்டுக்குத்தான் மவுசு. கட்டியதைப் பார்த்துக்கொள்கிற சப்போர்ட் ப்ராஜெக்டில் போட்டால் பசங்கள் முகம் தொங்கிப்போகும். ஒன்றும் உடையாமல் ஒரு வருடம் ஓடியதற்கு யாரும் அவார்டு தரமாட்டார்கள். ஈறு வைத்தியத்திலும் ஊசி, தையல், அறுவை எல்லாம் முதல் ஆறு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப்பிறகு ஆயுசு முழுக்க சப்போர்ட் மட்டும்தான். சுத்தம் செய்த பைக்குள் பழைய கிருமிக் கூட்டம் மறுபடி குடியேற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. அது வேரூன்றுவதற்குள் கலைத்துவிட வேண்டும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுப்பு, ரத்தம் வரும் இடத்தில் சுத்தம். வீட்டில் தினமும் இரவு, பல் சந்துக்குள் நுழையும் குட்டிப் பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்தும். எனக்கு மூன்று அளவுப் பிரஷ் தேவைப்படுகிறது. ஏழெட்டு நிமிடம் ஆகும்.

இந்தச் சலிப்பான வேலை என்ன செய்யும் என்பதற்கு ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட்டில் பதில் இருக்கிறது. பேர் அக்ஸெல்சனும் யான் லிண்டேயும் 1972இல் 375 பேருக்கு முறையான பராமரிப்பைத் தொடங்கினார்கள். எப்படித் துலக்குவது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கேற்ற இடைவெளியில் கூப்பிட்டுச் சுத்தம் செய்தார்கள். 30 வருடம் கழித்துப் பார்த்தபோது கடைசிவரை தொடர்ந்தவர்கள் இழந்த பல், வயதுப் பிரிவைப் பொறுத்துச் சராசரியாக 0.4 முதல் 1.8 வரை. மூன்று பத்தாண்டில் ஆளுக்கு இரண்டு பல்கூட இல்லை. கார்ல்ஸ்டாட்டில் பராமரிப்புத் தொடங்கிய அதே சமயத்தில்தான் தேயிலைத் தோட்டத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு நோக்கம், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது என்று தெரியும். ஆனாலும் 45 வயதில் வெறும் வாயோடு நின்ற ஆட்களை நினைக்காமல் 0.4ஐப் படிக்க முடியவில்லை. அந்த 480 பேரில் 75 பேரை 2010இல் மீண்டும் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். 40 வருடம் கழித்தும் யாரோ ஒருவர் அந்த மலைக்கு ஏறிப்போய்த் தேடியிருக்கிறார் என்பது மட்டும் எனக்கு ஓர் ஆறுதல்.

என் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இதெல்லாம் வராது. அறுவையை ஒருமுறைச் செலவு என்று தாங்கிக்கொள்ளலாம். வருடத்துக்கு நான்கு முறை, முடிவே இல்லாமல் என்பது வேறு கணக்கு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்று தனித் துறை இருக்கிறது. ஆனால் நாள்கூலிக்காரர் ஒருவர் வலிக்காத பல்லுக்காக மூன்று மாதத்துக்கு ஒருநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பராமரிப்பு என்பது பணத்தைவிட, வருகிற மாதமும் இதேபோல் ஒருநாள் ஒதுக்க முடியும் என்ற நிச்சயம் உள்ளவர்களுக்கே எட்டுகிறது. லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு அடுத்த வருடம் எந்த நாட்டில் இருப்போம் என்பதே தெரியாமல் இருந்தது.

அம்மாவுக்கு இப்போது திண்டுக்கல்லிலேயே ஒரு ஈறு நிபுணரைப் பிடித்தாயிற்று. சுகர் டெஸ்ட் எடுக்கிற அதே வாரத்தில் பல்லுக்கும் போய்விடுகிறாள். தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளைப் பார்த்து 'பல்லு' என்று பேனாவில் எழுதி வைத்திருக்கிறாள். 16 பல்லும் இரண்டு வருடமாக இருக்கின்றன. சுகர் 7.6க்கு வந்திருக்கிறது. அது மாத்திரையாலா, நடையாலா, ஈறாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவளைக் கேட்டால் எல்லாப் புகழும் டாக்டரம்மாவுக்கு.

போன மாதம் பேசும்போது எடுத்த எடுப்பில், "எனக்கு ஒம்பது எடத்துலதான் ரத்தமாம். ஒனக்கு எத்தன?" என்றாள்.

"பதினாலும்மா."

"பெரிய இஞ்சினியரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீடியோ காலில் அவள் முந்தானையைத் தேடவில்லை. எனக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் 18ஆம் தேதி, மாலை ஆறரைக்கு.